அவனுக்குத் தெரியாத சொல்

ஐஸ் பெட்டியின் ஒயர் சுவரில் இருந்த பிளக்கை எட்டவில்லை. ஒரு முழம் குறைந்தது. பெட்டியோடு வந்த டிரைவர் ஒயரின் நுனியைக் கையில் பிடித்தபடி கூடத்தின் நான்கு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்குதாங்க? சட்டுனு பாருங்க. வெயிலு ஏறுது."

யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் எது எங்கே இருக்கும் என்று தெரிந்தவர் செல்லப்பன் ஒருவர்தான். அவர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"அவரு ரூம்ல பாருங்க, கட்டிலுக்கு அடியில. அவரு சாமானெல்லாம் அங்கதான் கெடக்கும்" என்று பொன்னாயி அழுகைக்கு நடுவே சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அழத் தொடங்கினாள்.

அனிதா எழுந்தாள். அந்த வீட்டுக்கு அவள் நூறு தடவையாவது வந்திருப்பாள். கூடம் தெரியும், அடுப்படி தெரியும், கொல்லைக் குழாய் தெரியும். விருந்தாளிக்கு ஒரு வீடு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. தெருப்பக்கம் இருந்த அந்தச் சின்ன அறைக்குள் ஒருநாளும் போனதில்லை.

கட்டிலுக்கு அடியில் பாக்ஸ் இருந்தது. ஒயரை எட்டு எட்டாக மடித்து, பழைய டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் ஜன்னலைப் பார்த்தாள்.

ஜன்னல் கம்பிகளை ஒட்டி ஒரு கொய்யாக் கொம்பு குறுக்காகக் கட்டியிருந்தது. பட்டை சீவாத கொம்பு. இரண்டு முனையிலும் சணல் கயிறு, லாரியில் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு. கொம்பின் ஓரத்தில் கம்பியில் தொங்கிய ஒரு தேங்காய்ச் சிரட்டை. கீழே தரையில் செய்தித்தாளை விரித்து, பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் நான்கு கல் வைத்திருந்தது. தாளில் ஒரு எச்சம்கூட விழவில்லை.

"அக்கா, கெடைச்சுதா?" என்று கூடத்திலிருந்து பரணிதரன் குரல் கொடுத்தான்.

"கெடைச்சுது."

பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து, செல்லப்பனின் முகம் மெல்ல மங்கி, பிறகு மெல்லத் தெளிந்தது.

அனிதா செல்லப்பனுக்கு அண்ணன் மகள். அஞ்சலிப் போஸ்டரில் அப்படித்தான் அடித்திருந்தார்கள். பெற்றது செல்லப்பனும் பொன்னாயியும்தான். பரணிதரன் வயிற்றில் இருந்தபோது, மூன்று வயது முடிந்திருந்த மூத்த பெண்ணை, பிள்ளையில்லாத அண்ணன் அரியமுத்துவுக்கும் அண்ணி பாப்பாயிக்கும் தத்துக் கொடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயில் வாசலில் வெற்றிலைத் தட்டோடு சேர்த்துப் பிள்ளையும் கை மாறியது. ஒரு வருடத்துக்குச் செல்லப்பன் அண்ணன் ஊரான வரதராஜன்பேட்டைப் பக்கம் தலைகாட்டக் கூடாது, பிள்ளை மறக்கட்டும் என்பது பெரியவர்கள் பேசிவைத்த பேச்சு. பிள்ளை மறந்தது. அப்பா சித்தப்பா ஆனார், அம்மா சித்தி ஆனாள். இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஊர் முழுக்கத் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் பேசியதில்லை.

அரியமுத்து போய் நான்கு வருடம் ஆகிறது. பாப்பாயி இதோ, பெட்டிக்குத் தலைமாட்டுப் பக்கம், பொன்னாயியிலிருந்து ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அனிதா காலையிலிருந்து அவளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். அழுகை வரும்போதெல்லாம், இதற்கு எவ்வளவு அழலாம் என்று அவளுக்கு ஓர் அளவு தெரியவேண்டியிருந்தது. சித்தப்பாவுக்கு எவ்வளவு அழுவார்களோ அவ்வளவு அழுதாள்.

பரணிதரன் அவளைக் கொல்லைப் பக்கம் வரும்படி கண்ணால் கூப்பிட்டான். பாடாலூரில் டயர் கடை வைத்திருக்கிற பையன். பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். இப்போது கையில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பெரியாஸ்பத்திரியில் கொடுத்த பை. அதற்குள் சட்டை, பெல்ட், கண்ணாடி, செல்போன்.

"இதைப் பாருக்கா. காலையிலேருந்து கத்திக்கிட்டே கெடக்குது."

செல்போனில் பூட்டு எதுவும் இல்லை. மேலே 'கிளி சார்' என்று பெயர். கீழே வரிசையாகச் செய்திகள்.

'ஐயா, தங்கள் பறவை விமான நிலையத்தில் உணவின்றி வாடுகிறது. உடனடியாகக் கட்டணம் செலுத்தவும்.'

'ஐயா, பதில் இல்லையேல் வனத்துறை தங்கள் மீது வழக்குப் பதியும். கைது செய்யப்படுவீர்கள்.'

'ஐயா, இது கடைசி எச்சரிக்கை.'

"எவனோ ஏமாத்திப்புட்டான்க்கா" என்றான் பரணிதரன். "காசு அனுப்பிச்சிட்டு, வெளியில சொல்ல முடியாம உள்ளயே வச்சிக்கிட்டு இருந்திருக்காரு. நெஞ்சு வலின்னு கொண்டுபோனப்ப டாக்டரு கேட்டாருக்கா, சமீபத்துல எதுனா அதிர்ச்சியான்னு. நான் ஒண்ணும் இல்லைங்கன்னு சொல்லிட்டேன்."

"இரு. பாக்கறேன்."

"கைது பண்ணுவோம்னு எழுதியிருக்கான். அப்பா பயந்துருவாருக்கா. முப்பத்தஞ்சு வருசம் லாரி ஓட்டி ஒரு கேசு இல்ல அவரு மேல."

"பரணி, குடு. நீ போய் உக்காரு. மாமனுங்கல்லாம் வராங்க பாரு."

அவன் பையை விட்டுவிட்டு, செல்போனை மட்டும் அவள் கையில் அழுத்தினான். "ஒனக்குத்தான்க்கா இதெல்லாம் தெரியும்."

அவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் அவர் அவளிடம் வந்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. அரியலூரில் அவள் வேலை செய்கிற இ-சேவை மையத்தில் உட்கார இடமில்லை. காலேஜ் அட்மிஷனுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று பிள்ளைகளும் தகப்பன்களுமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் தலை நிமிராமல் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு என்றபோது எதிரில் வந்து நின்றது செல்லப்பன். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, ஒரு கையில் கொய்யாப்பழப் பை, ஒரு கையில் டோக்கன்.

"என்ன சித்தப்பா! நேரா உள்ள வர வேண்டியதுதானே. டோக்கன் எடுத்தா ஒக்காந்திருந்தீங்க?"

"இருக்கட்டும்மா. எல்லாரும் வரிசையிலதானே வராங்க."

"எவ்வளவு நேரமா?"

"இப்பத்தான்" என்றார். இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று டோக்கனைப் பார்த்த அவளுக்குத் தெரிந்தது.

அவர் செல்போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறக் கிளி, சிவந்த வால். கீழே எழுதியிருந்தது: 'பேசும் கிளி. நல்ல குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்படும். முற்றிலும் இலவசம்.'

"தத்துன்னு போட்டிருக்காங்கம்மா" என்றார்.

அவள் அந்தப் படத்தை எடுத்துத் தேடுபொறியில் போட்டாள். அரை நிமிடம்தான். "இதே படத்தை பெங்களூருல ஒருத்தன் போட்டிருக்கான். நாக்பூர்ல ஒருத்தன் போட்டிருக்கான். பாருங்க, அதே கிளி, அதே கூண்டு."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "ஒரே கிளி மூணு வூட்டுலயா வளருது?"

பக்கத்து மேசைப் பெண் சிரித்துவிட்டாள். அனிதாவுக்கும் சிரிப்பு வந்தது. "கிளியே கெடையாது சித்தப்பா. இலவசம்பான். அப்பறம் கூண்டுக்கு டெபாசிட்டும்பான், ஊசிக்கும்பான், ஏர்போர்ட்டுல மாட்டிக்கிச்சும்பான். ஒண்ணொண்ணா கறப்பான்."

"நெசமாவே குடுக்கறவங்களும் இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்க. அப்ப நேர்ல போயி கையில வாங்குங்க. பாக்காம ஒத்த ரூபா அனுப்பக் கூடாது. நம்ம ஊரு பச்சைக்கிளின்னா வளக்கவே கூடாது, கேசு. வெளிநாட்டுக் கிளின்னா பதிவு பண்ணுன பேப்பர் இருக்கணும், அதைக் கேளுங்க. வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க. ஆனா பழைய வீடியோவை ஓட்டிக் காட்டுவானுங்க. அதனால அவனுக்குத் தெரியாத சொல்லு ஒண்ணு குடுத்து, கிளியை அதச் சொல்ல வைங்கன்னு கேளுங்க. பேசற கிளின்னுதானே பீத்திக்கிறான்?"

"அவனுக்குத் தெரியாத சொல்லா?"

"ஆமா. உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "அப்புடி ஒண்ணு இருக்கு" என்றார்.

அவள் என்னவென்று கேட்கவில்லை. பின்னால் யாரோ "மேடம், சர்வரு போயிரும் மேடம்" என்றார்கள்.

"இந்த வயசுல கிளி எதுக்கு சித்தப்பா உங்களுக்கு? சித்தியைத்தான் பாக்கணும் பாவம், எச்சத்தை அள்ளிக்கிட்டு."

"அது அம்பது வருசம் இருக்குமாம்மா" என்றார் செல்லப்பன். "ஒரு தடவை சொல்லிக் குடுத்தா மறக்காதாம். நாம போனப்பறமும் சொல்லிக்கிட்டே இருக்குமாம்."

அவள் முப்பத்தெட்டு என்று கூப்பிட்டாள். அவர் கொய்யாப்பழப் பையை மேசைக்கு அடியில், அவள் கால் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனார். வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்ததை, அவள் திரைக்கு மேலாகப் பார்த்தாள். பார்த்தும் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் அனிதா உட்கார்ந்தாள். வாசலில் மேளம் அடங்கி அடங்கி எழுந்துகொண்டிருந்தது. ஏமாந்திருந்தால்? தன்னிடம் வந்து கேட்டும், தான் பாதி கவனத்தோடு சொல்லி அனுப்பியதால் ஏமாந்திருந்தால்? அவமானத்தில் அதை யாரிடமும் சொல்லாமல், அந்தச் சின்ன அறையில் வெறும் கொம்பைப் பார்த்தபடி படுத்திருந்தால்?

செய்திகளை மேலே தள்ளித் தள்ளி முதலுக்குப் போனாள். கிளி சார் எழுதியிருந்தவை எல்லாம் எழுத்து. செல்லப்பன் அனுப்பியவை எல்லாம் குரல். அவருக்குச் செல்போனில் எழுத வராது.

முதல் குரலைத் தொட்டுவிட்டு அவசரமாகக் காதோடு ஒட்டிக்கொண்டாள். உள்ளே பெட்டியில் கிடக்கிறவர், காதுக்குள் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம் சார். சிறுவாச்சூர்லேருந்து செல்லப்பன் பேசறேன். லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன், இப்ப இல்ல. தத்துன்னு போட்டிருந்தீங்க. பாத்தேன்."

கிளி சார், வாழ்த்துகள் என்றும், தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள் என்றும், முகவரி அனுப்பவும் என்றும் எழுதியிருந்தான்.

"முகவரி இருக்கட்டும் சார். தத்து குடுக்கறேங்கிறீங்களே, வூட்டுல எல்லாரையும் கலந்துக்கிட்டீங்களா? பொம்பளைங்களைக் கேட்டீங்களா? நாம பாட்டுக்கு சரின்னு தலையாட்டிருவோம். அவங்க அப்பறம் ரொம்ப நாளைக்கு அழுவாங்க சார்."

கூண்டுக்கான டெபாசிட் திருப்பித் தரப்படும் என்று கிளி சார் எழுதியிருந்தான்.

"டெபாசிட்டு கெடக்கு. அது பழைய வூட்டைத் தேடுமா சார்? மொதல்ல தேடும்னுதான் நெனக்கிறேன். தேடுச்சுன்னா என்ன சொல்லி ஆத்துறது? அதுக்குப் பழக்கமான சொல்லு எதுனா இருந்தா சொல்லுங்க. புதுசா ஒண்ணும் கத்துக்குடுத்து பழசை மறக்கடிக்க மாட்டேன்."

கிளி சார் ஒரு வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பியிருந்தான். அதற்குக் கீழே செல்லப்பனின் குரல் நீளமாக இருந்தது. நடுவில் லாரிகள் போகிற சத்தம். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று பேசியிருக்க வேண்டும்.

"இன்னொண்ணு சார். குடுத்துட்டமேன்னு நீங்க வராம இருந்துராதீங்க. எப்ப வேணாலும் வந்து பாக்கலாம். ஒரு வருசம் வராத, அது மறக்கட்டும்னெல்லாம் நாங்க சொல்ல மாட்டோம். வாங்க. வந்து பக்கத்துல ஒக்காருங்க. அது ஒங்களைப் பாத்துட்டு எங்களை வுட்டுட்டு ஒங்ககிட்ட ஓடி வந்தாலும் நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

அனிதா செல்போனைக் காதிலிருந்து எடுத்தாள். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்து வாளியில் வட்டமாக விரிந்தது. இன்னொரு சொட்டு. அவள் மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த குரலுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது. மாலை நான்கரை. அரியலூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸாக இருக்கும். பின்னால் கண்டக்டரின் விசில்.

"சார், எனக்கு வேண்டிய பொண்ணு ஒண்ணு ஈ-சேவையில இருக்கு. ரொம்ப விவரமான பொண்ணு. அது சொல்லுச்சு, தெரியாத சொல்லு ஒண்ணு குடுத்துக் கேக்கணும்னு. நான் சொல்றேன், நீங்க கிளிகிட்டச் சொல்லி, அது சொல்றதைக் காட்டுங்க. அப்பறம் மத்ததைப் பேசிக்கலாம்." குரல் தயங்கியது. விசில் அடித்தது. பஸ் கிளம்பியது. பிறகு மிக மெதுவாக, வாயருகே கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல, "பாந்தாச்சு" என்றார். "நல்லாக் கேட்டுக்குங்க சார். பாந்தாச்சு."

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. திரும்பக் கேட்டாள். தெரியவில்லை. ஆனால் நாக்கின் அடியில், பல் ஈறில், எங்கோ ஓரிடம் கூசியது.

கிளி சார் இரண்டு நாள் கழித்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சாம்பல் கிளி தலையை ஆட்டுகிறது. அலகு ஒரு பக்கம் அசைய, சத்தம் வேறு பக்கம் வருகிறது. யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பந்தாச்சு! பந்தாச்சு! பந்தாச்சு!" என்று கீச்சிட்டான்.

அதற்குச் செல்லப்பனின் பதில்தான் கடைசிக் குரல்.

"சார், இது கிளி இல்ல. மூக்கைப் புடிச்சிக்கிட்டு நீங்க பேசறீங்க." அவர் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டதே இல்லை; அவள் முன்னால் அவர் எப்போதும் ஒரு மரியாதைச் சிரிப்புதான் சிரிப்பார். "அதுவும் தப்பு சார். பா-வுக்குக் காலு இருக்கு, அதை வுட்டுட்டீங்க. அந்தப் புள்ள நல்லா இழுத்துச் சொல்லும்." சிரிப்பு நின்றது. "பரவால்ல. முப்பது வருசம் கழிச்சி இன்னொரு வாயில கேட்டேன். அந்த மட்டும் சரி. காசெல்லாம் அனுப்ப மாட்டேன் சார். வேற எதுனா நல்ல வேலையாப் பாருங்க."

அதன் பிறகு அவர் பேசவில்லை. கிளி சார் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான்: கெஞ்சினான், மிரட்டினான், விமான நிலையம் என்றான், போலீஸ் என்றான். அவர் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஏமாறவில்லை. அனிதாவின் தோள்கள் இறங்கின. பஸ்ஸில் பேசியதைத் தன் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டாள். கிளி சாரின் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, நாளைக்கு சைபர் கிரைம் எண்ணான 1930-க்குப் புகார் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அந்த எண்ணை பிளாக் செய்தாள். செல்போன் அமைதியானது. மேளம் மட்டும் கேட்டது.

கூடத்தின் வாசலிலேயே பரணிதரன் நின்றிருந்தான். மொட்டையடித்த தலையில் தண்ணீர் வழிந்தது.

"ஒத்த ரூபா அனுப்பலடா" என்றாள். "பொய்யின்னு கண்டுபுடிச்சிட்டாரு. சிரிக்கிறாரு அதுல. அப்பறமா கேளு."

"சிரிக்கிறாரா?"

"ம்."

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தூணில் சாய்ந்தான்.

அனிதா பெட்டியருகே போய் பொன்னாயிக்கும் பாப்பாயிக்கும் நடுவில் இருந்த ஓர் ஆள் இடத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அந்த இடத்தில் யார் யாரோ உட்கார்ந்து எழுந்திருந்தார்கள். குனிந்து, பொன்னாயியின் காதருகே கேட்டாள்.

"சித்தி, பாந்தாச்சுன்னா என்னா?"

பொன்னாயியின் அழுகை, ரேடியோவை அணைத்ததுபோல நின்றது. அவள் அனிதாவைப் பார்த்தாள். "ஆரு சொன்னா ஒனக்கு?"

"சித்தப்பாதான். போன்ல பேசி வச்சிருக்காரு."

பொன்னாயி வாயைத் திறந்தாள். அனிதாவைத் தாண்டி, பாப்பாயியைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை. முப்பது வருடமாக எதற்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளோ, அதே பார்வை. பாப்பாயி பெட்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் வெற்றிலைச் சருகைப் பொறுக்கினார்கள்.

"நீதான் சொல்லுவ" என்றாள் பாப்பாயி. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க வூட்டுக்கு வந்த புதுசுல. ரோட்டுல லாரி சத்தம் கேட்டாப் போதும், சோத்துக் கையோட வாசலுக்கு ஓடுவ. பாந்தாச்சு, பாந்தாச்சுன்னு குதிப்ப. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒன் சித்திக்கு ஆளு வுட்டுக் கேட்டேன்."

"அப்பா வந்தாச்சு" என்றாள் பொன்னாயி, குரலே இல்லாமல். "லோடு எறக்கிட்டு வண்டி வந்து நிக்கும். நான் உள்ளேருந்து சொல்லுவேன், அப்பா வந்தாச்சுன்னு. நீ அதையே அவருக்குப் பேரா வச்சிட்ட."

"லாரி போயிரும்" என்றாள் பாப்பாயி. "நீ வாசல்லயே நிப்ப. அடுத்தது வரும், திரும்பக் குதிப்ப. அங்க லாரிக்குப் பஞ்சமா? ஒரு நாளைக்கு எத்தனை போவும். அது நிக்க எட்டு மாசம் ஆச்சு." புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நின்னப்ப, அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. சாமிக்குத் தேங்கா ஒடைச்சேன்."

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

வெளியே பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். "நேரமாவுது. பொறந்த புள்ளைங்க, மக முறை, மருமக முறையெல்லாம் வாய்க்கரிசி போட வாங்கம்மா. வரிசையா வாங்க."

பெட்டியைத் திறந்தார்கள். குளிர் ஒரு மூச்சுபோல வெளியே வந்து எல்லோருடைய கால்களையும் தொட்டது. பெண்கள் எழுந்தார்கள். மருமகள், பரணிதரன் மனைவி, முன்னால் போனாள். அனிதா எழவில்லை. அவள் எப்போது போகலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எந்தச் சாவிலும் அவள் பாப்பாயிக்குப் பின்னால்தான் போயிருக்கிறாள்.

பாப்பாயி கையை நீட்டினாள்.

"பையைக் குடு."

"என்னாம்மா?"

"ஒன் பையை எங்கிட்டக் குடு. தோள்ல மாட்டிக்கிட்டா போவாங்க? ரெண்டு கையாலயும் அள்ளிப் போடணும். போ, மொதல்ல போ."

அனிதா தோள்பையைக் கழற்றிக் கொடுத்தாள். பாப்பாயி அதை வாங்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள், கூட்டத்தில் அடுத்தவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

வரிசையில் இருந்த ஒரு கிழவி, "இது ஆரு, அரியமுத்து மவளா?" என்றாள்.

"மக முறைதான்" என்றார் பெரியவர். "போவ வுடுங்க."

முறத்தில் இருந்த அரிசி எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. அவள் மூன்று தடவை போட்டாள். அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த ஓர் அரிசியை விரலால் எடுத்து உதட்டோரத்தில் வைத்தாள். அதற்கு மேல் நிற்கக் கூடாது என்று யாரோ தோளைத் தொட்டு நகர்த்தினார்கள்.

பாடை தெருமுனை திரும்பும்வரை பெண்கள் போனார்கள். அதற்கப்புறம் மேளச்சத்தம் மட்டும் போயிற்று. பழைய டிரைவர்கள் இரண்டு பேர் தங்கள் லாரியைக் கொண்டுவந்திருந்தார்கள். வயதானவர்களை ஏற்றிக்கொண்டு அது ஊர்வலத்துக்குப் பின்னால் ஊர்ந்தது.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் மோந்து ஊற்ற, பூவும் சருகுமாகக் கூடத்திலிருந்து வாசலுக்கு ஓடியது. மருமகள் தெருப்பக்கத்து அறையையும் கழுவப் போனாள். "மாமா இதை எதுக்குக் கட்டி வச்சிருக்காரு? அவுத்துப் போட்டுறவா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள் அனிதா.

"இல்ல அண்ணி, வெறுங்கொம்புதான்…"

"இருக்கட்டும்மா" என்றாள் பொன்னாயி, உள்ளேயிருந்து.

தலை வைத்திருந்த இடத்தில் ஒரு விளக்கை ஏற்றினார்கள். அதற்கு எதிரே பொன்னாயி சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் பாப்பாயி, மடியில் இன்னும் அந்தப் பை. அதற்குள் அனிதாவின் செல்போன் இருந்தது. பஸ்ஸில் பதிந்த குரல் அதற்குள் வந்து சேர்ந்து, இன்னும் திறக்காமல் காத்திருந்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நடுவில் இருந்த ஓர் ஆள் இடம் மட்டும் இப்போது இல்லை.

மயானத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் வைக்க வேண்டும். அனிதா ஒரு குடத்தையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல். அவள் அந்தச் சத்தத்தை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

ஒன்று மட்டும் வேகம் குறைந்தது. கியர் மாறியது. தெருவுக்குள் திரும்பி, பள்ளத்தில் இறங்கி ஏறி, அதன் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்து, வாசலில் நின்று, ஒரு குலுக்கலோடு அடங்கியது.

"ஆரும்மா அது?" என்று உள்ளேயிருந்து பொன்னாயி கேட்டாள்.

அனிதாவின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. பிறகு பிரிந்தன.

"வந்தாச்சு" என்றாள்.

பரணிதரன் முதலில் இறங்கி வந்து படியருகே நின்றான். அவள் சொம்பைச் சாய்த்தாள். அவன் காலிலிருந்த கரிசல் மண் கரைந்து, தெருவின் வாட்டத்தோடு ஓடி, லாரியின் முன் சக்கரத்தைத் தொட்டு நின்றது.